அடித்துவிட்ட வரி

என் வாய் நல்ல வாய் இல்லை. பினாங்கில் என் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும். தட்டில் அழுக்கு இருந்தால் 'போய்ச் சாவு', கறி அடிபிடித்தால் 'போய்ச் சாவு', ரோட்டில் எவனாவது குறுக்கே மோட்டாரை விட்டால் அதேதான். எங்கள் அத்தாவிடமிருந்து வந்த பேச்சு. ராமநாதபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் தம்பி சுலைமானுக்கும் இதே வாய்.

அங்கேதான் வினை வந்தது. சாக்கடைத் தண்ணீருக்காகப் பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை. பஜாரே கேட்க 'போய்ச் சாவுய்யா' என்று கத்தியிருக்கிறான். பத்து நாள் கழித்து அந்த மனிதர் உயிரை மாய்த்துக்கொண்டார். என்ன துயரமோ, பாவம். தற்கொலைக்குத் தூண்டியதாகச் சுலைமானைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் ஜாமீன் கிடைக்கவில்லை. அவன் சர்க்கரை நோயாளி வேறு. அவனை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரை வக்கீல் போனில் சொன்னார்: "கோபத்துல வாய்தவறிச் சொன்னது தூண்டுதல் ஆகாதுங்க. அந்தாளு சாகணும்னு நினைச்சுச் செஞ்சிருக்கணும். இது உங்க வீட்டு வாய்ப்பழக்கம்னு யாராவது சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தா, ஹைகோர்ட்டுல மனுவோட சேர்த்துப் போடுறேன்."

யாரைத் தேடுவது? என் மனைவி நூர்ஜான் இருக்கிறாளே. முப்பது வருஷமாக அதை வாங்கிக்கொண்டிருப்பவள், உயிரோடும் இருக்கிறாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வக்கீல் எழுதி அனுப்பியதை எடுத்துக்கொண்டு லெபோ பிஷப் தெருவில் நோட்டரி ஆரோக்கியநாதனிடம் போனோம்.

மனிதர் முகத்தில் சிரிப்பே காட்டாமல் உரக்கப் படித்தார். "'என் கணவர் ஹைதர் என்னைத் தினமும் குறைந்தது மூன்று தடவை போய்ச் சாகச் சொல்வார். இதுவரை நான் சாகவில்லை.' சரியா அக்கா?"

"நோன்பு மாசத்துல ரெண்டு தடவைதான்," என்றாள் நூர்ஜான்.

அவர் அதையும் திருத்திக்கொண்டார். "'அதனால் எனக்கு எந்த மன வருத்தமும் ஏற்பட்டதில்லை.' சரியா?"

அவள் தலைக்கு மேல் சுற்றும் காத்தாடியைப் பார்த்தாள்.

"சரின்னு சொல்லு நூரு. தம்பி உள்ள கெடக்கான் லா," என்றேன்.

"அந்த வரிய அடிச்சிருங்க சார். சாகலைங்கிறது உண்மை. வருத்தம் இல்லைங்கிறது பொய். பொய்ச் சத்தியம் நான் பண்ண மாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. நோட்டரி பேனாவும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன். வரியை அடித்து, பக்கத்தில் அவள் சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள்.

மறு வாரம் ஜாமீன் கிடைத்தது. விசாரணை பெரும்பாலும் முடிந்துவிட்டது, இனி உள்ளே வைத்திருக்கத் தேவையில்லை என்றாராம் நீதிபதி. முப்பது நாள் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நூர்ஜானின் காகிதத்தை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். ஆக, அது உறைத்தது எனக்கு மட்டும்தான். வெட்கமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் கூட்ட நேரத்தில் மீன்தலைக் கறிச் சட்டி அவள் கையிலிருந்து நழுவியது.

"போய்..." என்று ஆரம்பித்துவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"போய் உக்காரு. நான் தொடைக்கிறேன்."

துடைத்து நிமிர்ந்தால், கல்லாவில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"மச்சான், உங்களுக்கும் நிபந்தனை ஜாமீன்தான். தெனமும் காலையில பத்தரைக்கு எனக்கு ஒரு தே தாரிக் டீ நுரை பொங்க ஆத்திக் கொண்டாந்து வைக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"சுலைமானுக்கு முப்பது நாளு. உங்களுக்கு முப்பது வருஷம்."