பானையை இறக்கிய கை

ஏரியூர்ப் பக்கம் தீர்த்தகிரியின் ஊரில் மாரியம்மன் பண்டிகை என்றால் கோயில் மேட்டில் வீட்டுக்கு ஒரு பானை. மூன்று கல், வேப்ப விறகு, சித்திரை வெயில். மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு. கலியாணமான ஒவ்வொருவனுக்கும் தனிப் பானை உண்டு. பொங்கியதும் அந்த வீட்டுக்காரிதான் அதை இறக்க வேண்டும். இறக்கி, வெல்லம் தட்டிப் போட்டு, அம்மன் பக்கம் திருப்பி வைப்பாள். வேறொருத்தி தொடமாட்டாள்.

தீர்த்தகிரியின் மனைவி மணிமேகலை காய்ச்சலில் போய் வருஷம் ஆகப்போகிறது. அவள் இல்லாமல் வரும் முதல் பண்டிகை. ஆனாலும் அம்மா சின்னம்மாள் வழக்கம்போல இரண்டு பானை ஏற்றினாள். தன்னுடையது ஒன்று, மகனுடையது ஒன்று. குறைக்க அவளுக்குக் கை வரவில்லை. அதை யார் இறக்குவது என்று அவளும் யோசிக்கவில்லை, இவனும் யோசிக்கவில்லை. ஓசூர்க் கம்பெனியில் லீவு சொன்னது, பஸ் ஏறியது, இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது எல்லாம் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோலத்தான் அவனுக்கு நடந்திருந்தது.

மணிமேகலையின் அப்பா அம்மாவும் தங்கை ஐஸ்வர்யாவும் அதியமான்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள். பெண் போனாலும் உறவு போகக்கூடாது என்று சின்னம்மாள் ஆள்விட்டு அழைத்திருந்தாள்.

அவன் பானை நுரைத்து வழிந்தது. புகை கண்ணைக் கரித்தது. எழுந்திருக்க அலுப்பாக இருந்தது.

“ஐசு, அத எறக்கி வெச்சுரு” என்றான், பக்கத்தில் நின்றவளிடம்.

அவள் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்து இறக்கி வைத்தாள்.

சுற்றியிருந்த அடுப்புகளில் பேச்சு நின்றது. முதலில் சிரித்தவர் சின்னம்மாளின் தம்பி மாது.

“அடடே! மாப்ள வாயத் தொறக்க மாட்டான்னு பாத்தா, அம்மன் முன்னாடியே காரியத்த முடிச்சுட்டானே!”

சின்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஐஸ்வர்யாவின் அம்மா மகளை இழுத்து நெற்றியில் குங்குமம் வைத்தாள். தீர்த்தகிரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் தோன்றவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேப்ப மரத்தடியில் போய்ப் படுத்தான்.

விளங்கியது முனியப்பன் கோயில் விருந்தில். அவன் தங்கை எழிலரசிக்கு வைகாசியில் கலியாணம். அதற்கு முன்னால் குலசாமிக்குக் கிடா வெட்டினார்கள். புளியமரத்தடியில் குழம்பு கொதித்தது. கறி வேகும்வரை ஆண்கள் சீட்டாடினார்கள். பந்தியில் அவனுக்குப் பக்கத்து இலையில் ஐஸ்வர்யாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவள் தலை நிமிரவே இல்லை. ஈரல் துண்டுகளை இலையோரம் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

“மாமா, இதென்ன?” என்று மாதுவைத் தனியே கேட்டான்.

“என்னத்த என்னடா? எழிலு கலியாணத்தன்னிக்கே வெத்தல பாக்கு மாத்திரலாம்னு பேசியாச்சு. சொந்தமெல்லாம் கூடியிருக்கும். தனியா ஒரு செலவெதுக்கு?”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“வாயால வேற சொல்லணுமாக்கும்! பானைய எறக்கச் சொன்னவன் நீதானே?”

ஆமாம், அவன்தான் சொன்னான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். வழக்கம் தெரியாது என்று சொன்னால் நாய்கூட நம்பாது. அலுப்பில் சொன்னேன் என்றால் சிரிப்பார்கள். மறுப்பதென்றால் நாலு பேரை உட்காரவைத்துப் பேச வேண்டும். அதற்குத் தெம்பு வேண்டும். சும்மா இருக்க ஒன்றும் வேண்டாம். அவன் சும்மா இருந்தான்.

கலியாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல். வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, செங்கல் அடுக்கிய நீள அடுப்பில் சமையல் நடந்தது. தீர்த்தகிரி விறகு தள்ளிக்கொண்டிருந்தான். யாரோடும் பேசாமலிருக்க அதுதான் தோதான வேலை. ஐஸ்வர்யா ஒரு கூடைக் கத்தரிக்காயோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“மாமா, அன்னிக்கு நெனச்சுத்தான் சொன்னீங்களா?”

“இல்ல.”

“எனக்கும் தெரியாது. எங்க ஊர்ல பானைய யாரு வேணா எறக்குவாங்க.” ஒரு காயை நறுக்கித் தண்ணீரில் போட்டாள். “அடுத்த மாசம் பெங்களூர்ல வேலைக்கிச் சேரணும். ஆஸ்பத்திரில நர்ஸ் வேல. போக வேணாங்கறாங்க.”

அவன் இன்னொரு விறகை உள்ளே தள்ளினான்.

“நான் மாட்டேன்னா, அக்கா புருசனையே வேணாங்கறாளான்னு அம்மா தூக்கு மாட்டிக்கறேங்குது. நீங்க சொன்னா ஆச்சு.” கத்தியைக் கீழே வைத்தாள். “உங்களப் பாத்தா எனக்கு அக்கா ஞாபகந்தான் வருது மாமா. காலம்பூரா அத எப்படிப் பாத்துக்கிட்டிருக்கறது?”

புகை அவள் பக்கம் திரும்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் பங்காளி வீட்டுப் பானைகள் ஏறின. கலியாணத்தன்றும் அதே வழக்கம். சாமிக்குப் பொங்கி வைத்த பிறகுதான் தாலி. சின்னம்மாள் இந்த முறையும் இரண்டு ஏற்றினாள். மஞ்சள் புடவையில் எழிலரசி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு மாது காத்திருந்தார்.

இரண்டாவது பானையில் நுரை எழும்பியது.

“ஐஸ்வர்யா, வாம்மா. பொங்கிருச்சு பாரு” என்றாள் சின்னம்மாள்.

ஐஸ்வர்யா பந்தக்காலைப் பிடித்தபடி நின்றாள். அவள் அம்மா முதுகில் கைவைத்துத் தள்ளினாள். ஓரடி வந்தாள்.

தீர்த்தகிரி எழுந்தான். தோள் துண்டைச் சுருட்டிக்கொண்டு போய்க் குனிந்தான். துண்டு பாதியில் நழுவியது. வெறுங்கையில் சூடு ஏறியது. விடாமல் இறக்கி வைத்தான்.

“டேய், என்னடா பண்ற?” அம்மாவின் குரல் உடைந்தது. “ஆம்பள எறக்குனா வூட்ல பொம்பள இல்லைனு அர்த்தம்டா!”

“இல்லதானேம்மா.”

அவ்வளவுதான் சொன்னான். மணிமேகலை இல்லை என்று அவன் வாயால் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை.

“சனியன்! நல்ல நாள்ல!” என்று மாது தாம்பாளத்தைத் தரையில் வைத்தார். ஐஸ்வர்யாவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதது மூத்தவளுக்கா இளையவளுக்கா என்று தெரியவில்லை. ஐஸ்வர்யா பந்தக்காலுக்கே திரும்பிப் போய் அதில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

“நேரமாகுது. ஆகவேண்டியதப் பாருங்க” என்றாள் எழிலரசி. கலியாணப் பெண் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு இல்லை.

தாலி ஏறியது. பந்தி முடிந்தது. கூட்டம் கலைந்த பிறகு தீர்த்தகிரி ஓர் இலையை எடுத்துக்கொண்டு தன் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. இடக்கையால் அகப்பையைப் பிடித்துப் பொங்கலைப் போட்டுக்கொண்டான். வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது. வெறும் சோறு. இறக்கியவர்தான் வெல்லம் தட்டிப் போட வேண்டும். அவன் அதை மறந்திருந்தான்.

அப்படியே தின்றான்.

சின்னம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். காலையிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, இப்போதும் பேசவில்லை. அடுப்புக் கல்லில் வெல்லத்தை வைத்துத் தட்டி, உடைந்ததை அள்ளி அவன் இலையோரத்தில் வைத்துவிட்டு, தன் பானையைக் கழுவப் போனாள்.