சனோபரின் சோள ரொட்டி

கோதுமை சனோபருக்கு ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் கழுத்தெல்லாம் சிவந்து, உதடு வீங்கி, தொண்டை அடைத்துக்கொள்ளும். ரொட்டியைக் கீழே போட்டால்கூட எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் மர்கிலான் ஊரில் இப்படியொரு பெண் பிறந்தால் யாருக்குக் கோபம் வரும்? பெற்றவளுக்குத்தான் வந்தது. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் இதனாலேயே தட்டிப்போயிருந்தது. இப்போது இன்னொன்று கூடிவந்திருந்தது.

"இவங்ககிட்டயாவது முன்னாடியே சொல்லிடலாம்மா."

"சொல்லு, சொல்லு. அப்புறம் ஆயுசுக்கும் என் அடுப்பங்கரையிலயே கெட" என்றாள் தாய் ஹோசியத்.

அந்த அடுப்பங்கரையில் சனோபர் செய்யாத வித்தையில்லை. கறிக் கொழுக்கட்டைக்கு அரிசி மாவோடு உருளைக்கிழங்கு மாவு, சூப்பில் போடும் இழைக்குப் பாசிப்பயற்று மாவு. சம்பந்தம் பேசி முடிக்கிற அன்று பெரியவர்கள் ரொட்டியைப் பிய்த்து இரண்டு வீட்டாருக்கும் தருவார்கள். தின்றால்தான் பேச்சு உறுதி. அதற்கென்று சோள மாவையும் அரிசி மாவையும் ஆளிவிதைக் கஞ்சியில் பிசைந்து ஒரு ரொட்டி சுட்டாள். நடுவில் முத்திரை குத்தி, கருஞ்சீரகம் தூவி, முட்டை பூசியதும் அசல் கோதுமை ரொட்டியே தோற்றது.

"நானே பிச்சு உன் பங்கை உன் கையில குடுத்துடறேன். நீ வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்" என்று தாய் வாக்குக் கொடுத்தாள்.

ஆனால் மாப்பிள்ளையின் அத்தை துர்சுனாய் முந்திக்கொண்டாள். "அடடா, என்ன அழகு! இதை நான்தான் பிய்ப்பேன்" என்று எடுத்து இழுத்தாள். ரொட்டி பிய்யவில்லை, பொலபொலவென்று விரிப்பு முழுக்க உதிர்ந்தது. பிய்க்கிற ரொட்டி உதிர்ந்தால் குடித்தனமும் உதிரும் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

டீ ஊற்றிக்கொண்டிருந்த சனோபர் நிமிர்ந்தாள். இப்போதாவது அம்மா உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நம்பினாள், பைத்தியக்காரி.

"ஐயையோ, கோழிக்குன்னு சுட்டது இங்க எப்படி வந்துச்சு!" என்று ஹோசியத் உதிர்ந்ததையெல்லாம் புறங்கையால் கிண்ணத்தில் தள்ளினாள். ஒரு துணுக்கைக்கூட நெற்றியில் ஒற்றவில்லை.

துர்சுனாய் தான் கொண்டுவந்த கோதுமை ரொட்டியைப் பிய்த்தாள். "அதுக்கென்ன, நம்ம வீட்டு ரொட்டி இருக்கே. இந்தா மருமகளே, என் கையால வாங்கிக்க."

சனோபர் தாயைப் பார்த்தாள். தாயும் நேராகப் பார்த்தாள். தின்னு, என்றது அந்தப் பார்வை.

தின்றாள். தேநீர் ஆறுவதற்குள் கழுத்திலிருந்து கன்னம்வரை சிவப்பு ஏறியது. உதடு தடித்தது.

"பொண்ணுக்கு வெக்கத்தைப் பாருங்கடி! காதுவரைக்கும் செவந்துபோச்சு" என்று துர்சுனாய் கைகொட்டிச் சிரித்தாள்.

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் அக்கா" என்றாள் ஹோசியத். "யாராச்சும் ஏறிட்டுப் பாத்தாலே போதும்." எல்லாரையும்விட அவள்தான் உரக்கச் சிரித்தாள்.

சனோபருக்கு மூச்சு இழுத்தது. எழுந்திருக்கப் போனவளின் தோளைத் துர்சுனாய் செல்லமாக அழுத்தி உட்காரவைத்தாள்.

"எங்கடி ஓடுற? இன்னொரு துண்டு சாப்பிடு. இன்னும் அழகா செவக்கட்டும்."

அந்தத் துண்டை வாங்கி மகள் கையில் வைத்தது ஹோசியத்தான்.