தொரைக்கு இரண்டாவது ஊசி

தப்பு என்னுடையது. படிவத்தை நிரப்பும்போதுதான் அது கண்ணில் பட்டது.

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் சவரியம்மாள் அக்காவின் மகன் பிரான்சில் இருக்கிறான். ஜூன் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொள்ள டிக்கெட் எடுத்துவிட்டான். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அக்கா ஒரே பிடியாக நின்றதால் தொரைக்கும் சேர்த்துத்தான். பேருக்கேற்ற ஊருக்குப் போகிறான் என்று எங்கள் டாக்டர் ஜெயசீலன் சிரித்தார்.

நான் அவருடைய கால்நடை மருத்துவமனையில் உதவியாளர், பெயர் தையல். அந்த நாட்டு விதிகளை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்ததும் நான்தான். முதலில் கழுத்துத் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட அரிசி அளவு சிப். அதற்குப் பிறகே வெறிநாய்த் தடுப்பூசி. ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி ஆறாம் தேதி அக்கா நாயைக் கொண்டுவந்தபோது சென்னையிலிருந்து சிப் இன்னும் வந்து சேரவில்லை. தொரை மேசைமேல் அடங்கி நின்றது. ஊர் ஊராக முகாம் போடும்போது, நாய் கையில் சிக்கியவுடன் ஊசியைப் போட்டுவிடுவோம். இன்னொரு முறை சிக்காது. அன்றும் என் கை அதையே செய்தது. சிப் வைத்தது பதினான்காம் தேதி. மார்ச்சில் ரத்தப் பரிசோதனையும் முடிந்தது. இப்போது மே மாதம்.

டாக்டர் இரண்டு தேதிகளையும் பார்த்தார். நீயே சொல்லிவிடு என்று சொல்லிவிட்டு, கூனிமேட்டில் கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டைப் பார்க்கக் கிளம்பினார்.

அக்காவிடம் சொன்னேன். மறுபடியும் ஊசியிலிருந்து தொடங்க வேண்டும், செப்டம்பருக்கு முன்னால் தொரை போக முடியாது என்றேன். அவர் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"பதினாலுல அந்த ஒண்ண அழிச்சிட்டா நாலு ஆயிடுது. தொரை என்னா, போய் சொல்லிடப் போவுதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றும் தோன்றியது. எனக்குள் பயத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. வெட்கம்கூட, தப்பைச் சொல்லி முடித்ததும் எங்கோ போயிருந்தது. என் கையெழுத்து இருக்கும் இடத்தில் பொய்யை வைக்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான்.

"மாட்டேங்க்கா. அங்க கண்டுபுடிச்சா தொரைய திருப்பி அனுப்பிடுவாங்க, இல்லன்னா கொன்னுடுவாங்க. புது ஊசிக்கும் டெஸ்ட்டுக்கும் நான் பொறுப்பு."

 அக்கா நாயைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"பாத்திய மிதிச்சி கெட்டி பண்ணாம தண்ணி கட்டுனா உப்பா வெளயும்? சேறுதான் வரும். மொதல்லேருந்து மிதி, தையலு."

"உங்க மவன்?"

"கத்துவான். பெத்தவ நானு, கேட்டுக்கறேன். இந்த வாட்டியாவது சிப்பு இருக்குதான்னு பாத்துட்டுப் போடு."

சிப்பைப் படிக்கும் கருவியைத் தொரையின் கழுத்தில் ஓட்டினேன். திரையில் பதினைந்து இலக்கங்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் படித்து, தடுப்பூசி அட்டையோடு ஒத்துப்பார்த்து, அதன் பிறகே மருந்தை ஏற்றினேன். தொரை ஒரு முறை முனகியது. அக்கா அதன் வாயைப் பொத்தியபடி, செப்டம்பரில் அங்கே குளிருமா என்று கேட்டார்.