அவங்களே போட்ட டிக்

நான் பல் மருத்துவர். நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளிக்கு அவருடைய எக்ஸ்ரேயைக் கணினித் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். சொத்தைப் பல்லை மறைத்துக்கொண்டு, 'பத்தே நாளில் தொப்பை கரையும்' என்று ஒரு விளம்பரம் குதித்தது. மூடினால் இன்னொன்று. அவர் வாயில் பஞ்சோடு தன் தொப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வரவேற்பில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா இது?"

"பிடிஎஃப் திறக்க ஃப்ரீயா ஒண்ணு டவுன்லோட் பண்ணேன் டாக்டர். வேற எதையும் நான் கேக்கவே இல்ல."

"கேக்காமலா கூடவே மூணு புரோகிராம் வந்து உக்காந்திருக்கு?"

"எல்லாத்துக்கும் அவங்களே டிக் போட்டு வெச்சிருந்தாங்க. நான் படிக்காம அழுத்திட்டேன்."

"அயோக்கியப் பயலுங்க! கேட்டது ஒண்ணு, தலையில கட்டுறது மூணு. எவனும் படிக்க மாட்டான்னு தெரிஞ்சே செய்யறானுங்க. பிடிச்சு உள்ள தள்ளணும்!"

அவள் பயத்தில் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா, இன்றுவரை தெரியவில்லை.

"நம்ம ஃபார்ம்லயும் பல்லை வெள்ளையாக்கறதுக்கு நாமளே டிக் போட்டுத்தானே டாக்டர் பிரிண்ட் எடுக்கறோம்? நீங்கதானே அப்படிப் போடச் சொன்னீங்க?"

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"நான் கையெழுத்துப் போட்ட ஃபார்மைக் கொஞ்சம் கொண்டாம்மா" என்றார்.