கர்ணத்தின் வழியே சந்தைக்கு

1977 கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை செந்தாமரை கரும்பலகையில் 'பத்து மைல்' என்று விடை எழுதினாள். மறுநாள் விடிந்தபோது மலைமேலுள்ள கடுக்காய்ப்பட்டிலிருந்து ஆலங்காயத்துக்கு நூல் பிடித்தாற்போல் ஒரு பாதை கிடந்தது. கணக்கைக் கொடுத்தவர் பிலிப்ராஜ் சார். கீழே ஆலங்காயத்துக்காரர். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று ஊர் வழியையே செங்கோண முக்கோணமாக்கினார். ஊரிலிருந்து தெற்கே மூலைக்கன்னி கல் வரை எட்டு மைல், அங்கே திரும்பி மேற்கே ஆறு மைல், குறுக்கே போகும் கர்ணம் எவ்வளவு? வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தாள். விடை சரி. பாதை பாறைகளைப் பிளந்துகொண்டு போயிற்று. பழைய வழியை அன்றைக்கே முள் மூடியது. வெட்ட வெட்ட முளைத்தது.

அந்தப் பழைய வழியின் திருப்பத்தில் காவல் தெய்வமான மூலைக்கன்னிக்குப் பச்சைத்தழை ஒடித்துப் போடாமல் யாரும் மலை இறங்கியதில்லை. புது வழியில் திருப்பமே இல்லை. நாலு மைல் மிச்சம் என்ற சந்தோஷத்தில் தழையை யாரும் நினைக்கவில்லை.

ஊர்ச் சரக்கை வாரச் சந்தைக்குச் சுமப்பவர்கள் ஐந்து பேர். செந்தாமரையின் அம்மா பாஞ்சாலை, சடையன், இன்னும் மூவர். முதல் வாரம் ஐவர் இறங்கினார்கள், மூவர் போய்ச் சேர்ந்தார்கள். மீதி இருவரும் மறுநாள் ஊருக்கு வந்தார்கள், ஆளுக்கு ஒரு வயது கூடி. நகம் நீண்டு, துணி நைந்திருந்தது. எங்கே இருந்தீர்கள் என்றால், நடந்துகொண்டே இருந்தோம் என்றார்கள். அடுத்த வாரம் அந்த ஐவரில் வேறு மூவர் போய்ச் சேர்ந்தார்கள். ஒருமுறை போய்ச் சேர்ந்த அதே மூவர் மறுபடி ஒன்றாகப் போய்ச் சேரவேயில்லை.

"இன்னாக்கா, இந்த வாரம் கெழவனாவறது யாரு?" என்பான் சடையன்.

"நீதான்டா. வயசு ஏறினாலாச்சும் எவனாச்சும் பொண்ணு தருவான்" என்பாள் பாஞ்சாலை. சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். உப்பும் கிரசினும் வேண்டுமே.

சிரிக்காதவள் செந்தாமரை. வகுப்பில் அப்போது சேர்வுகள் பாடம். ஐந்து பேரில் மூவரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் பத்து. ஒன்பது வாரம் போய்விட்டது. பத்தாவதும் முடிந்தால் அந்தப் பாதையிடம் புது மூவர் கிடையாது. அதன்பின் ஐவரும் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

"சார், ஆறாவதா ஒரு ஆள் சேர்ந்தா?"

பிலிப்ராஜ் போட்டுப் பார்த்தார். "இருவது. பத்து தீந்துட்டா மிச்சம் பத்து." சாக்பீஸ் நின்றது. "அந்தப் பத்துலயும் புது ஆள் இருக்கும். அது யாரா இருந்தாலும் தவறாம போய்ச் சேந்துடும்."

"அப்ப நான் போறேன் சார்."

பாஞ்சாலை வாசலை மறித்தாள். "வூட்லயே கெடடி. அதுல கால வெக்காத."

"நான் வழியில தங்க மாட்டேம்மா. கணக்கு அப்படி."

"அப்ப நாங்க?"

செந்தாமரை கூடையைத் தலையில் ஏற்றினாள். ஆறு பேர் போனால் மூவர் தங்கித்தான் ஆக வேண்டும்.

பத்து வாரமும் அவள் போய்ச் சேர்ந்தாள், ஒவ்வொரு முறையும் வேறு இருவரோடு. தைக்கும் பங்குனிக்கும் இடையில் மற்ற ஐவரும் கண்ணெதிரே மூத்தார்கள். பாஞ்சாலையின் கொண்டை வெளுத்தது. சடையனுக்குப் பல் போயிற்று, பேச்சு போகவில்லை. ஏழாவது ஆளுக்காகக் கூட்டம் போட்டார்கள். எந்த வீடும் தரவில்லை. இனி உப்பில்லாமலே தின்போம் என்று ஊர் முடிவு செய்தது.

கடைசிச் சேர்வு தீர்ந்த நாளில்தான் ஆலங்காயத்தில் அரசுப் பரீட்சை. கூடையை இறக்கிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தாள். ஏழு பேரிலிருந்து மூவரை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு கேள்வி. விடை தெரியும். எழுதினால் ஏழாவது ஆளை அது எங்கிருந்தாவது இழுத்து வந்துவிடும் என்றும் தெரியும். பேனாவை மூடினாள். முன் பெஞ்சில், பக்கத்து பெஞ்சில், கூடம் முழுக்க முப்பத்தைந்து, முப்பத்தைந்து என்று பேனாக்கள் ஓடின.

அடுத்த சந்தையன்று பாதை தொடங்கும் இடத்தில் ஒருவர் புளிக்கூடையோடு நின்றார். எந்த ஊர் என்று கேட்டார்கள். பதிலுக்கு அவர் முன்னால் நடந்தார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஆறு பேரும் கூடையைத் தூக்கிப் பின்னால் போனார்கள். ஆலங்காயத்தில் பாஞ்சாலை வந்து சேர்ந்தாள், சடையன் வந்து சேர்ந்தான், அந்த ஆள் வந்து சேர்ந்தார். செந்தாமரை இல்லை.

பாஞ்சாலை கத்தவில்லை. புளியை விற்றாள், உப்பு வாங்கினாள், மலை ஏறினாள். மறுநாள் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிப்போய் செந்தாமரை வந்து நின்றாள்.

"பசிக்குதும்மா."

"துண்ணுட்டு தலைய வாரிக்க. நீட்டமா வளந்துட்ச்சி" என்று அம்மா களியை உருட்டி வைத்தாள். வாசலில் கூடை சுமக்கச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்த அந்த ஆளுக்கும் ஒரு உருண்டை வைத்தாள்.