பகாங்குக்குப் பூ கேட்ட கதை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சாமி. ஒன்று எங்கள் தோட்டத்து மாரியம்மன், இன்னொன்று எங்கள் மாநிலமான பகாங்கின் கால்பந்துக் குழு. மாரியம்மனுக்கு வருஷத்துக்கு ஒரு திருவிழா போதும், பகாங்குக்கு வாரா வாரம் வேண்டும். தேயிலை ஆலையில் கொழுந்து உலர்த்துகிற மனுஷன், எந்த ஆட்டக்காரனுக்கு எந்த முழங்காலில் வலி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எனக்கு எந்த முழங்காலில் வலி என்று கேளுங்கள், திருதிருவென்று விழிப்பார். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன்.

1983-இல் பகாங் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரில் சிலாங்கூர். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே மஞ்சள் சட்டையைத் துவைத்தார். எங்கள் மலையூர்ப் பனியில் அது காயவில்லை என்று ஆலைக்குக் கொண்டுபோய்க் கொழுந்தோடு கொழுந்தாக உலர்த்தி எடுத்து வந்தார். வீடு முழுக்கத் தேயிலை வாசம்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சிங்காரம் குழாயடியில் வாயைத் திறந்தான்.

"காளியண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரி டிரஸர் வீட்டு டிவில நீங்க பாத்த மூணு ஆட்டமும் பகாங் தோத்துச்சு. நீங்க பேக்டரிக்கு வேலைக்குப் போன அன்னிக்கெல்லாம் ஜெயிச்சுச்சு. கொஞ்சம் யோசிங்கலா."

"அடப் போடா," என்றார் இவர். ஆனால் குரலில் தெம்பில்லை.

இரண்டே நாளில் எங்கள் லயத்து வீடுகள் முழுக்க இதே பேச்சு. பெண்கள்கூட இவரைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். கடைசியில், இவர் இறுதி ஆட்டத்தைப் பார்க்கலாமா கூடாதா என்று அம்மனிடம் பூ கேட்பது என்று முடிவாயிற்று. பெண் கொடுப்பதோ வேலை மாறுவதோ, எங்களுக்கு எதுவானாலும் பூ கேட்டுத்தான். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளை. வெற்றிலையில் மடித்துச் சன்னதியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வந்த பூதான் அம்மன் வாக்கு.

மடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். திரிங்காப் பூந்தோட்டங்களிலிருந்து ரோஜாவும் வெள்ளைச் செவ்வந்தியும் வந்தன. இவர் அடுப்படியில் என் பின்னாலேயே சுற்றினார்.

"ருக்கு, ரெண்டுலயும் வெள்ளையே வச்சிரு புள்ள."

"சாமி காரியங்க. கண்ணு போயிரும்."

"வெள்ளை வந்துதான உங்கப்பா ஒன்ன எனக்குக் கொடுத்தாரு? வெள்ளைன்னா சரின்னு ஆத்தா சொல்றா. நாம சின்னதா ஒரு ஒத்தாசை பண்றோம், அவ்வளவுதான்லா."

பெண் கேட்டு வந்தபோதுகூட இவர் இப்படிக் கெஞ்சியதில்லை. அந்த முகத்தைப் பார்த்து நான் இளகிவிட்டேன். இரண்டிலும் வெள்ளையை வைத்து மடித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கோயிலில் பூ எடுக்க டிரஸர் ஞானசுந்தரத்தைக் கூப்பிட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர், டிவிக்குச் சொந்தக்காரர். அதைவிட முக்கியம், அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். எங்கள் அம்மனிடம் சலுகை கேட்க மாட்டார் என்று எல்லாருக்கும் நம்பிக்கை.

பூசாரி பழனியப்பன் கோலா தெர்லாவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு உரக்கச் சொன்னார்:

"ஆத்தாளுக்கு உகந்தது சிவப்பு. சிவப்பு வந்தா காளியண்ணன் ஆட்டம் பாக்கலாம். வெள்ளை வந்தா பாக்கக் கூடாது."

பழைய பூசாரி காலத்தில் வெள்ளை வந்தால்தானே சரி! இவர் என்னைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்தேன். அம்மன் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரஸர் பயபக்தியோடு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை. வேறு என்ன வரும்?

ஆட்ட நாள் சாயங்காலம் லயமே டிரஸர் வீட்டுக்குப் போய்விட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று சிங்காரம் எங்கள் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு போனான். இவர் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் டிவிக்கு முன்னால், அத்தனை பேருக்கும் நடுவில் நின்றேன்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன். என் புத்திதான் கெட்டுப்போச்சு. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ ஆத்தா இன்னும் ஒண்ணுமே சொல்லல," என்றார்.

சிங்காரம் மறுத்துப் பேச எழுந்தான்.

"ஒக்காரு சிங்காரம். இது என் வீட்டு டிவி," என்றார் டிரஸர். "நீ போய்க் கூட்டிட்டு வாம்மா."

முழங்கால் வலியையும் மறந்து ஓடி, கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வாசல்படி வரைக்கும் வந்த மனுஷன் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே தேசிய கீதம் கேட்டது.

"வேணாம் புள்ள. ஆத்தா ஒண்ணும் சொல்லலன்னா, சிங்காரம் சொன்னது நெசமாவும் இருக்கலாம்ல? நான் பாத்து தோத்துட்டா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே கேட்க மானத்தை விற்றுவிட்டு வந்திருக்கிறேன்! ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கிவிட்டது.

சட்டென்று அவர் உள்ளே போனார், தலையைக் குனிந்தபடி. ஒரு முக்காலியை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்கார்ந்தார்.

"நான் டிவியப் பாக்கல. ஒங்க மூஞ்சியப் பாத்துக்கறேன்."

நாற்பது முகம் இருந்தது அங்கே. இவர் கண் வந்து நின்றது என் முகத்தில்தான்.

"ருக்கு, மஞ்சள் சட்டை நம்ம ஆளுங்க," என்றார் மெதுவாக.

டிரஸர் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. அதில் இருபத்திரண்டு பேரும் சாம்பல்தான். நான் தலையாட்டினேன்.

விசில் ஊதியது. அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்க்காதவள், அன்று கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். நான் ஒழுங்காகப் பார்த்தால்தானே அவர் பார்க்க முடியும்.