ஒன்றரை இஞ்ச்

"பதினாறரை" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள் தையல்காரி. அப்படியும் நாத்தனாரின் காதில் விழுந்துவிட்டது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு?"

கண்ணாடிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்ற தையல்காரியின் மகள், டேப்பை எடுப்பதற்குள்ளாகவே தோளைச் சுருக்கிக்கொண்டாள். பதினைந்து வயது. இந்த ஒரே வருஷத்தில் நாலு விரற்கடை வளர்ந்து, கைப்பந்து அடித்து அடித்துத் தோள் விரிந்து, அம்மாவையே மேலிருந்து கீழே பார்க்கும் உயரத்துக்கு வந்திருந்தாள்.

"தோளு மட்டும் பதினாறரையா? என் தம்பிக்கே பதினேழுதானேடி. பொண்ணு வளக்கறியா, பீரோ செய்யறியா?"

பீரோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் வைத்த பெயர் அது. தெருமுனையில் நின்று அதைச் சொல்லிக் கூப்பிட்டதில் தெருப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், பந்து விளையாடும் பெண்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். "பீரோவுக்குக் குடு, பீரோவுக்குக் குடு" என்று அவர்கள் கத்தினால் எதிர்ப்பக்கத்தில் ஆறு பேரும் இரண்டடி பின்னால் போவார்கள். அங்கே அது பட்டம். வீட்டில் அதே வார்த்தைக்கு அவள் கண்ணில் தண்ணீர் வரும்.

அன்றைக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

"சனிக்கிழமை இறுதிப் போட்டி அத்தை. அதுல சரியா ஆடலேன்னா நானே விட்டுடறேன். இந்த உடம்பு வீட்டுக்கும் ஆகல, ஆட்டத்துக்கும் ஆகலன்னா அப்புறம் எதுக்கு?"

நாத்தனாருக்கு அது நல்ல பேச்சாகப் பட்டது. தையல்காரிக்குத்தான் அப்படிப் படவில்லை. மகள் விளையாட்டாகப் பேசுகிற குரல் அவளுக்குத் தெரியும். இது அந்தக் குரல் இல்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. கணவர் பஸ் ஓட்டுநர். அவர் பாட்டுக்கு விடியற்காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஆகவே வீட்டின் பாராளுமன்றம் என்பது இரண்டு தெரு தள்ளியிருக்கும் அவருடைய அக்காவும் அந்த ஜன்னலோர நாற்காலியும்தான். கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். தையல்காரிக்குப் பிரசவமானபோது நாற்பது நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். ஆனால், பெண் என்றால் ஒரு கைப்பிடிக்குள் அடங்க வேண்டும் என்று அவளுக்கு யாரோ எப்போதோ சொல்லிவைத்திருந்தார்கள். அதை அவள் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவள், பார்க்க வருகிறவர்கள் பந்தையா பார்க்கப் போகிறார்கள், தோளைத்தானே பார்ப்பார்கள் என்று அன்றைக்கும் ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் எழுந்தாள். போகும்போது வாசலில் நின்று, தையல் உன் கையில்தானே இருக்கிறது, பார்வைக்காவது கொஞ்சம் குறைத்துத் தைக்கக் கூடாதா என்று கேட்டாள்.

கைப்பந்து மிஸ் எட்டுப் பேருக்கும் நீலச் சட்டை தைக்கச் சொல்லியிருந்தார். ஏழு பெண்களின் அளவையும் தையல்காரி உள்ளது உள்ளபடி நோட்டில் எழுதினாள். எட்டாவதாகத் தன் மகளின் பெயருக்கு எதிரே வந்ததும் பென்சில் நின்றது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு 'தோள் – 15' என்று எழுதினாள்.

தோளைக் குறைத்தால் கைக்குழியும் குறைய வேண்டும். சட்டையில் கை வந்து சேருகிற வளைவு அது. அதையும் குறைத்தாள். மிச்சத் துணியை மனசு மாறுவதற்குள் வெட்டித் தள்ளினாள்.

போட்டுப் பார்த்த மகள், கையைத் தூக்கினால் பிடிக்கிறதே என்றாள். புதுசு அப்படித்தான் இருக்கும், இரண்டு தரம் துவைத்தால் சரியாகிவிடும் என்றாள் அம்மா. அந்த மாதிரித் துணி இருநூறு தரம் துவைத்தாலும் ஒரு நூல் தளராது. இருபது வருஷமாகத் தைக்கிறவளுக்கு அது தெரியாதா?

சனிக்கிழமை உள்ளரங்கம் நிறைந்திருந்தது. படிகளில் மூன்றாவது வரிசையில் தையல்காரி உட்கார்ந்தாள். பக்கத்தில் நாத்தனார். குடும்பத்துப் பெண் நாலு பேர் முன்னால் எந்தக் கோலத்தில் நிற்கிறாள் என்று பார்க்க வந்திருந்தாள். நீலச் சட்டையில் மருமகளைப் பார்த்ததும், "பரவால்லையே, ஒரு சுத்துக் குறைஞ்ச மாதிரி இருக்கே" என்று தையல்காரியின் தொடையில் தட்டினாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்தே மகளுக்கு அழகாக உயர்ந்து வந்தது. எம்பினாள், கையை வீசினாள். பந்து வலையின் நடுவயிற்றில் போய் விழுந்தது. பரவாயில்லை என்று தோழிகள் கை தட்டினார்கள். இரண்டாவதும் வலை. மூன்றாவதைத் தொடவே இல்லை. ஒவ்வொரு தரம் எம்பும்போதும் சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. இறங்கியதும் அவள் செய்த முதல் வேலை சட்டையைக் கீழே இழுப்பதுதான். அதற்குள் பந்து அவள் காலடியில் விழுந்து உருளும். "பீரோவுக்குக் குடு" என்கிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அப்புறம் நின்றே போயிற்று.

பெண்ணுக்குப் பயம் வந்துவிட்டது என்றார் பின்வரிசையில் ஒருவர். பெரிய ஆட்டம் என்றாலே சில பிள்ளைகளுக்கு இப்படித்தான் என்றார் இன்னொருவர். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி எம்புவாள் என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

தையல்காரி எதையும் கேட்கவில்லை. அவள் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்குளிலிருந்து கழுத்துக்கு மூன்று சுருக்கம், கத்தியால் கீறினதுபோல ஓடிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கத் தூக்க அந்தச் சுருக்கம் ஆழமாயிற்று. அந்த அரங்கத்தில் அத்தனை பேருக்கும் அங்கே பயந்த பெண் ஒருத்தி தெரிந்தாள். அந்த மூன்று கோட்டைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அதை எழுதினவளும் அவளேதான்.

தெருவில் எத்தனை பெண்களுக்குத் தைத்திருக்கிறாள்! இடுப்பளவு முப்பத்தெட்டு வந்தால் வாயால் முப்பத்தாறு என்பாள், கத்திரியை முப்பத்தெட்டில்தான் வைப்பாள். அவர்கள் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு போவார்கள். தொழிலில் அது ஒரு மரியாதை. ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பொய்யை வாயோடு நிறுத்தியவள், பெற்ற மகளுக்கு மட்டும் அதைத் துணியில் வெட்டிக் கொடுத்திருக்கிறாள்.

பதினாறு, இருபத்தைந்து என்று முதல் செட் போயிற்று. அது முடிவதற்கு முன்னாலேயே மகளே கையைக் காட்டி வெளியே வந்திருந்தாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மிஸ்ஸிடம் ஏதோ சொன்னாள். மிஸ் தலையை ஆட்டி மறுத்தார். மகள் முழங்கால் உறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

தையல்காரி எழுந்தாள். எங்கே போகிறாய் என்று நாத்தனார் கேட்பதற்குள் படியிறங்கி, மிஸ்ஸிடம் இரண்டு நிமிஷம் என்று கேட்டு, மகளின் கையைப் பிடித்து உடை மாற்றும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, நான் இனிமே வரல. எனக்கு வராதும்மா. கையே மேல போக மாட்டேங்குது."

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல. சட்டை போக விடல."

மகள் புரியாமல் பார்த்தாள்.

"தோள் பதினாறரை. நான் பதினஞ்சு வெச்சுத் தெச்சேன்."

"அளவு மாறிப்போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எட்டுப் பேர் சட்டை, அவசரம், கண் சரியாகத் தெரியவில்லை என்று எவ்வளவோ இருந்தது சொல்ல. மகளே எடுத்துக் கொடுத்த சாக்கு வேறு. தையல்காரி அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"மாறல. தெரிஞ்சேதான் தெச்சேன். சின்னதாத் தெரியட்டும்னு."

வெளியே யாரோ விசில் ஊதினார்கள். மகள் கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அத்தை சொல்லலாம். தெருவுல சொல்லலாம். நீயுமாம்மா?"

"நானுந்தான்" என்றாள் தையல்காரி. பையைத் திறந்து, நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுத்தாள். "கையைத் தூக்கு. திட்டறதை வீட்டுல போய்த் திட்டிக்கோ, வேண்டியமட்டும். இப்ப தூக்கு."

பிரித்துவிட உள்ளே துணி இல்லை. இருந்ததைத்தான் அன்றைக்கே வெட்டித் தள்ளியாயிற்றே. ஆகவே தையலையே பிரித்தாள். இடது அக்குளில் ஒரு சாண், வலது அக்குளில் ஒரு சாண். கத்திரி போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மகள், "ஓட்டை தெரியுமேம்மா" என்றாள்.

"தெரியட்டும். கேட்டா எங்கம்மா தப்பாத் தெச்சுட்டாங்கன்னு சொல்லு. உண்மைதானே?"

அழுகையினூடே மகளுக்கு ஒரு சிரிப்பு வந்துவிட்டது. கையைத் தூக்கிப் பார்த்தாள். காதைத் தாண்டிப் போயிற்று. இன்னும் தூக்கினாள். அறையின் தாழ்ந்த கூரையில் விரல் இடித்தது.

அப்புறம் நடந்ததை ஊரே பார்த்தது. இரண்டாவது செட்டில் முதல் அடி கோட்டுக்கு வெளியே போயிற்று. வெளியே போனாலும் அது அடி. எதிர்ப்பக்கத்துப் பெண் குனிந்துகொண்டு வழிவிட்டாள். அடுத்தது உள்ளே விழுந்தது. அதற்கடுத்ததை யாரும் தொடவில்லை. "பீரோவுக்குக் குடு" என்று பெண்கள் மறுபடி கத்த ஆரம்பித்தார்கள். அக்குள் ஓட்டை இரண்டும் எம்பும்போதெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அந்த செட் அவர்களுக்கு. மூன்றாவது செட்டில் பதின்மூன்று, பதின்மூன்று என்று வந்து, கடைசி இரண்டு புள்ளியும் எதிராளிகளுக்குப் போயிற்று.

தோற்றுவிட்டார்கள். நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே வந்து பார்த்தால், தோற்ற பெண்கள் எட்டுப் பேரும் தரையில் விழுந்து கிடந்து, நீ அதை விட்டாய், நீ இதை விட்டாய் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மருமகள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். மிஸ் அவளிடம் திங்கட்கிழமை சீக்கிரம் வரச் சொன்னார். சரி மிஸ் என்றாள், முழங்கால் உறையைக் கழற்றாமலே.

பரிசு கொடுத்து முடிந்ததும் போட்டோக்காரர் வந்தார். ஜெயித்த அணியை முதலில் எடுத்தார், பிறகு இவர்களை வரிசையாக நிறுத்தினார். கேமராவில் கண்ணை வைத்து, கையை ஆட்டினார்.

"அந்தப் பெரிய பொண்ணு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கும்மா. தோளை உள்ள இழு. வரிசையா வரணும்ல."

மகளின் தோள் பழக்கத்தில் தானாக உள்ளே போயிற்று. நாத்தனாரும், சொன்னால் கேளடி என்பதுபோல் தலையசைத்தாள். வாடிக்கைக்காரர்களிடம்கூடக் குரலை உயர்த்தாத தையல்காரி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போட்டோக்காரர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவ மடங்க மாட்டா தம்பி. அதோ பெஞ்ச் இருக்கு. நீங்க ஏறி நின்னு எடுங்க."

எல்லாருக்கும் இப்படித்தான் சொல்வோம், பெண் பிள்ளைகள் படத்தில் பாந்தமாக இருக்க வேண்டாமா என்று அவர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். இந்த அம்மாள் நகர்வதாக இல்லை. நாத்தனார் பின்னாலிருந்து முந்தானையை இழுத்தாள். அதற்கும் நகரவில்லை. போட்டோக்காரர் முனகிக்கொண்டே பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினார்.

மகள் நிமிர்ந்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மேலும் கையைப் போட்டாள். பதினாறரையும் முழுசாகப் படத்தில் விழுந்தது, கிழிசலோடு.

பெஞ்சிலிருந்து இறங்கப் போன போட்டோக்காரரின் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். ஜெயித்த அணியின் உயரமான பெண். கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, இறங்காதீங்க. எங்களை இன்னொரு தடவை எடுங்க. அதுல நான் குனிஞ்சிருக்கேன்."